வீட்டுக் காவலும் தோட்டாத் தேர்வும்

தன்னையும் தன் மனையையும் காத்துக்கொள்ளுதல் இல்வாழ்வானது கடமைகளுள் ஒன்றென்பதை மறுப்பார் யாருமிலர். ஆயின், எதனைக்கொண்டு காத்தல், எவ்வளவிற் காத்தல் என்பனவற்றில் காலந்தோறும் கருத்து வேறுபட்டே வந்திருக்கிறது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலே கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் தனித்து வாழ்ந்த முதியோர் சிலர் இரவிற் கொலையுண்ட செய்திகள் நம்மனைவரது நெஞ்சையும் கலக்கின. அது முதலாகத் துப்பாக்கி லைசென்சு பெறுதல் நலமா, பெறின் எவ்வகைத் தோட்டாவை வீட்டில் வைத்தல் தகும் என்னும் வினாக்கள் நம் சமூகத்தாரிடையே அடிக்கடி எழுகின்றன. ஊர் வம்பிற் பேசித் தீர்க்கத்தக்க வினாக்கள் அல்ல இவை. இவற்றிற்கு நீண்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை அறிந்தால் விடையிற் பாதி தானே விளங்கும். ஆதலின் அதனை இங்கே சுருங்க எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதலில் நம் நாட்டு நிலைமையை நோக்குவோம். பாளையக்காரர் காலத்திலே ஊர்க்காவல், தேசகாவல் என்னும் முறைகள் வழங்கின. காவற்காரர் ஊராரிடம் காவல் வரி பெற்றுக்கொண்டு களவு போகாமற் காப்பது வழக்கம். பாளையங்களில் வேலும் வாளும் திரித் துப்பாக்கியும் மிகுதியாக இருந்தன. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குதலை விலக்கி விளம்பரம் பிறப்பித்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன; ஆயுதங்கள் பறிக்கப்பட்டன; காவல் முறையும் நாளடைவிற் குலைந்தது. அந்நாள் முதல் தென்னாட்டுக் குடியானவன் தன் காவலுக்குச் சர்க்காரையே நோக்கி நிற்பவனானான்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் 1860-இல் ஓர் ஆயுதச் சட்டமும், லிட்டன் பிரபு இராஜப் பிரதிநிதியாயிருந்த 1878-இல் அதனினும் கடுமையான சட்டமும் பிறந்தன. பின்னதில் இந்தியர் லைசென்சின்றி ஆயுதம் வைத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. இப்பாரபட்சம் அக்காலத்துத் தேசாபிமானிகளை மிகவும் புண்படுத்தியது. 1887-இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையிலே ஆயுதச் சட்டம் பற்றிய தீர்மானம் விவாதிக்கப்பட்டது. இளைஞராயிருந்த விபின சந்திர பாலர் அச்சட்டத்தை நீக்குமாறு வீறுடன் பேசினார். ஆயுதம் தாங்குதலைத் தன்மானத்தின் அடையாளமாகக் கருதும் மனப்பான்மை நம் நாட்டிலே வேரூன்றியதற்கு இந்த இழிவுணர்ச்சியும் ஒரு காரணம் என்னலாம்.

விலக்குப் பெற்ற இந்தியரும் சிலர் உண்டு. குடகு நாட்டாரே அவர்கள். 1861 பிப்ரவரியில் மார்க் கப்பன் பிறப்பித்த விளம்பரத்தால் ஆயுதச் சட்டத்தினின்றும் அவர்கள் விடுபட்டனர். சுதந்தரம் பெற்ற பின்னரும் குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையார்க்கும் இவ்விலக்குத் தொடர்ந்து வருகிறது. 2019-இல் இந்திய அரசாங்கம் அதனை 2029 அக்டோபர் முடியும்வரை நீட்டித்தது. அவர்கள் கைல்போத் என்னும் பண்டிகையில் தம் துப்பாக்கிகளை மாலை சூட்டி வழிபடுகின்றனர். ஆயுதத்தை வழிபடு பொருளாக வைத்திருத்தலும், சினத்திற் கையிலெடுக்கும் பொருளாக வைத்திருத்தலும் வேறு வேறு என்பதை இங்கே கருதவேண்டும்.

இனித் தோட்டாவின் வரலாற்றுக்கு வருவோம். வீட்டுத் துப்பாக்கி என்பது பெரும்பாலும் 12 போர் எனப்படும் மழமழப்பான குழலுடையதே. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலிற் சரியாக அமையுமோ அது 12 போர். அதன் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஆகவே போரின் எண் பெருகப் பெருகக் குழல் சிறுத்துவரும்.

குழலினுள் இடப்படும் ரவை செய்யும் வகையும் படிப்படியே வளர்ந்தது. முற்காலத்தில் உருக்கிய ஈயத்தைத் துளைக் கரண்டி வழியே நீரில் ஊற்றினர். ரவை வால் முளைத்தும் சப்பியும் வந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தவரான வில்லியம் வாட்ஸ் என்பவர் உயரத்தினின்று விழும் ஈயத்துளி காற்றிலே உருண்டையாகித் திரளுமென்று கண்டு, தம் வீட்டையே கோபுரமாக உயர்த்தி, 1782-இல் அம்முறைக்கு உரிமைச் சாசனம் பெற்றார். ஈயத்துடன் சிறிது பாஷாணம் சேர்த்தால் துளி நன்கு உருளும். ஆன்டிமனி சேர்த்தால் ரவை கடினமாகும். இவ்வாறு கோபுரத்தில் வார்த்தது பறவை வேட்டைக்குரிய சன்ன ரவை. மான் முதலியவற்றிற்குரிய பெருரவை கோபுரத்திற்கு அடங்காது. அதனை அச்சில் வார்த்தனர்.

இவ்விரண்டில் எது மனிதனுக்கெதிராகப் பயன்படும் என்னும் ஆராய்ச்சியும் பழையதே. 1784-இல் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியபோது, அதன் காவலனுக்கு வாயகன்ற குறுந்துப்பாக்கி ஒன்றும் கைத்துப்பாக்கிகள் இரண்டும் அளிக்கப்பட்டன. அகன்ற வாய் ரவையை விசிறிபோற் பரப்பும் என்று எல்லாரும் எண்ணினர். உண்மையில் அவ்வாய் ரவையை அதிகம் பரப்புவதில்லை. ஆடும் வண்டியின்மீது மருந்தும் ரவையும் சிந்தாமல் இடுவதற்கே அது உதவியது. கள்வனை அஞ்சுவித்தற்கும் உதவியது என்பர். வாய் அகன்றால் குறி வேண்டாம் என்னும் இத்தப்பெண்ணம் வேறு உருவில் இன்றும் உலவுகின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்கச் சுதந்தரப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையினர் ஒரு குண்டோடு சில பெருரவைகளையும் சேர்த்திடுமாறு 1777-இற் கட்டளையிட்டார். 1807-இல் அலெக்ஸாண்டர் பார்சைத் என்னும் பாதிரியார் அடியால் வெடிக்கும் மருந்துக்கு உரிமைச் சாசனம் பெற்றார். அதிலிருந்து கேப்புத் துப்பாக்கி பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மருந்தும் ரவையும் கேப்பும் ஓருறையில் அடங்கிய தோட்டா வந்தது. துப்பாக்கியைப் பின்புறம் மடித்து அதனை இட்டனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிலா மருந்து வந்தது. அதனால் வேகம் மிகுந்தது. குழலினுள் அமுக்கமும் வேறுபட்டது. இம்மாறுதல் பழந்துப்பாக்கி வைத்திருப்போர்க்கு எவ்வளவு முக்கியமென்பதைக் கீழே கூறுவோம்.

முதல் உலக மகாயுத்தத்தில் அமெரிக்கர், 1897-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர் துப்பாக்கியைக் குறுக்கி அகழிப் போருக்குக் கொணர்ந்தனர். அதன் தோட்டாவில் ஒன்பது பெருரவைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர் விட்டம். 1918 செப்டம்பரில் ஜெர்மானிய அரசாங்கம், இது யுத்த விதிகளுக்கு மாறானதென்று கண்டனம் விடுத்தது. அமெரிக்க மந்திரி ராபர்ட் லான்சிங் அதனை ஏற்க மறுத்தார். இங்கே ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. அகழியின் ஈரத்தாற் காகிதத் தோட்டாக்கள் உப்பிக் குழலுட் புகாமற் போயின. ஆதலின் பித்தளை உறை செய்து அனுப்பினர். பிளாஸ்டிக் உறை 1960-ஆம் ஆண்டளவில் வந்த பின்னரே இத்தொல்லை பெரிதும் தீர்ந்தது. ஈரம் புகுந்த பழந்தோட்டாவை நம்பியிருத்தல் காவலில்லாதிருத்தலினும் கேடானது.

இவ்வொன்பது ரவைத் தோட்டாவே பின்னர் அமெரிக்கப் போலீசாருக்கும் இல்லத்தாருக்கும் பெருவழக்காயிற்று. நம் நாட்டில் எஸ். ஜி. எனப்படுவது ஏறக்குறைய இந்த அளவினதே. ஆங்கில அளவுப்படி ஓர் அவுன்ஸ் ஈயத்தில் எல். ஜி. ரவை 6, எஸ். ஜி. 8, எஸ். எஸ். ஜி. 15, ஏ. ஏ. ஏ. 35, பி. பி. 70, ஆறாம் நம்பர் 270 அடங்கும். நிறை ஒன்றே, அதனைப் பங்கிடும் விதந்தான் வேறு. எஸ். ஜி. ரவை ஒன்று ஏறக்குறைய மூன்றரைக் கிராம். ஆறாம் நம்பர் ரவையோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. தோட்டாத் தேர்வின் தத்துவம் முழுதும் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

சன்ன ரவையை விரும்புவோர் கூறுவது யாதெனின், அது சுவரைத் துளைத்து அடுத்த அறையிலுள்ளாரை வருத்தாது என்பதாம். அமெரிக்க வீடுகளில் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்திற் பொருத்திய ஜிப்சப் பலகைகளே. பெருரவை அத்தகைய சுவர் பலவற்றை ஊடுருவிச் செல்லும். ஆதலின் இவ்வச்சம் பொருளற்றதன்று. பெருரவையை விரும்புவோரோ, சன்ன ரவை உடலில் ஆழப் புகாமல் மேலே பெரும்புண் செய்து நின்றுவிடும். ஆயுதமேந்திய கொடியவன் அதனால் உடனே வீழான் என்பர். 1986 ஏப்ரலில் மயாமி நகரில் நிகழ்ந்த சண்டையிலே தம் அதிகாரிகளிருவரை இழந்த அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினர், பின்னர்ச் செய்த பரிசோதனைகளில் ஜெலட்டின் பாளத்திற் பன்னிரண்டு அங்குலமேனும் புகுதல் வேண்டுமென்று அளவு வகுத்தனர். பறவை ரவை அவ்வளவை எட்டுவதில்லை. அமெரிக்கர் நாலாம் நம்பர் பெருரவை எனப்படும் 6.1 மில்லிமீட்டர் ரவையை இடைவழியாகக் கொள்வாரும் உளர். அதன் தோட்டா ஒன்றில் 27 ரவைகள் அடங்கும். ஒற்றைக் குண்டுத் தோட்டாவோ வீட்டிற்கு முற்றும் ஒவ்வாதது. அது மனிதனையும் ஊடுருவி அப்பாலும் செல்லும்.

இருதிறத்தார் வாதங்களையும் சீர்தூக்கின் ஓருண்மை புலனாகும். கொடியவனை நிச்சயமாக வீழ்த்துவதும், குறி தவறினால் நிச்சயமாகச் சுவரில் நிற்பதும் ஆகிய தோட்டா ஒன்று உலகத்திற் செய்யப்படவில்லை. முன்னதற்கு வேண்டும் வலிமையே பின்னதற்குத் தடையாகிறது. ஆகவே தேர்வு என்பது தோட்டாக் கடையில் முடிவதன்று. சுடுவோன் நிற்கும் இடத்திலும் இலக்கின் பின்னிருக்கும் பொருளிலுமே அது முடிகிறது.

நம் வீடுகளுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். ஒன்பது அங்குலச் செங்கற் சுவரும் கனத்த மண் சுவரும் ரவையைத் தாங்கும். ஆயின் பலகைக் கதவு, சன்னல், தகரம், கூரை ஓலை ஆகியவை தாங்கா. சாளையின் வாசலில் நின்று வெளியே சுட்டாலோ, சுவரென்பதே இல்லை. பிரெஞ்சுத் தளபதி ஷூர்னே வகுத்த கணக்கின்படி ஆறாம் நம்பர் ரவை ஏறக்குறைய 225 கஜமும், எஸ். ஜி. ரவை ஏறக்குறைய 700 கஜமும் செல்லக்கூடும். அடுத்த தோட்டத்துச் சாளை அத்தொலைவிற்குள் இருப்பின், அங்கு உறங்குவோர்க்கும் நாமே பொறுப்பாளி. தோட்டாவில் எத்தனை ரவையோ அத்தனைக்கும் சுட்டவன் விடைகூறவேண்டும்.

மேலே குறித்த தப்பெண்ணத்தையும் இங்கே தீர்ப்போம். ரவை விரிந்து செல்லுமாதலின் குறி பார்க்க வேண்டுவதில்லை என்பர் பலர். சுருக்கமில்லாத குழலில் ஒரு கஜத்திற்கு ஓரங்குலம் விரியும் என்பது வேட்டைக்காரர் கூறும் பழங்கணக்கு. வீட்டுக் கூடத்திற் பதினைந்து அடி தூரத்தில் அது ஐந்தங்குலம். பலபோது அதனினும் குறைவு. குழல்வாய் சுருங்கியிருப்பின் இன்னும் குறையும். ஆகவே இருளில், அச்சத்தில், கண்ணை மூடிக்கொண்டு சுடுவோன் இலக்கைத் தவறவிடுவது திண்ணம். சுடுவதற்கு முன் வந்தவன் யாரென்று கண்டறிதல் அதனினும் முதன்மையானது. நள்ளிரவிற் கதவைத் திறந்தவன் வெளியூரினின்று சொல்லாமல் வந்த மகனாக இருத்தலும் கூடும். ஆதலின் தோட்டாவிற்கு முன் வாங்கவேண்டுவது நல்ல விளக்கு.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி வைத்திருப்போர் சிறப்பாகக் கவனிக்கவேண்டுவன இரண்டு. கரிமருந்துக் காலத்திற் செய்யப்பட்டுப் புகையிலா மருந்திற்குச் சோதிக்கப்படாத குழலில் இக்காலத் தோட்டாவை இடுதல் பேராபத்து. குழல் வெடித்துச் சுடுவோன் கையே போகும். மற்றொன்று, பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமே உடையது. 70 மில்லிமீட்டர்த் தோட்டா அதனுட் புகும். ஆயின் வெடிக்கும்போது அதன் மடிப்பு விரிய இடமின்றி அமுக்கம் மிகும். குழலின் அடியிற் பொறித்த சோதனை முத்திரைகளைத் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டித் தெரிந்த பின்னரே தோட்டா வாங்குதல் வேண்டும்.

இனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 முதல் நடைமுறையில் உளது. காவலின் பொருட்டோ விளையாட்டின் பொருட்டோ இருபது அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய மழமழப்புக் குழல் துப்பாக்கிக்கும், பயிர்க் காவலின் பொருட்டு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் லைசென்சு வழங்குதலை அச்சட்டம் தனியே குறிக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்தலாகாது. அத்திருத்தமே விழாவிலும் கலியாணத்திலும் பிறருக்கு அபாயம் நேரும்படி துப்பாக்கி சுடுதலுக்கு இரண்டாண்டுவரை சிறையோ ஒரு லட்ச ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது. துப்பாக்கி மகனுக்குத் தானே வந்துசேரும் ஆஸ்தியன்று. உடையவர் காலஞ்சென்றால் வாரிசு புதிதாக லைசென்சு பெறவேண்டும். அதுவரை அதனை முறைப்படி ஒப்படைத்தல் வேண்டும். தேர்தற் காலங்களிலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி ஆணை வருவதுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டமையால், வீட்டுத் துப்பாக்கிக்கு இன்று காவலன்றி வேறு தொழில் பெரும்பாலும் இல்லை.

தற்காப்புரிமையை 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வரையறுக்கின்றன. கொள்ளை, இரவிற் கன்னமிடுதல் முதலிய கொடுமைகளில் உயிர் போக்குமளவும் அவ்வுரிமை செல்லலாம் என்கிறது 41-ஆம் பிரிவு. ஆயின் 37-ஆம் பிரிவு, காத்தற்கு வேண்டிய அளவின் மேற்பட்ட தீங்கு செய்தலாகாதென்று தடுக்கின்றது. ஓடுகின்றவன் முதுகிற் பாய்ந்த ரவைக்கு நியாயஸ்தலத்தில் விடைகூறுதல் எளிதன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. 1993-இல் ஆர்தர் கெல்லர்மன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், துப்பாக்கியுள்ள வீடுகளிற் கொலை நிகழும் அபாயம் ஏறக்குறைய 2.7 மடங்காகக் காணப்பட்டது; அம்மிகுதி அந்நியராலன்று, குடும்பத்தாராலும் நெருங்கிப் பழகியவராலுமே விளைந்தது. இம்முடிவை மறுத்து வாதிட்டோரும் உளர். எனினும் குடியும் சினமும் பங்காளிச் சண்டையும் உள்ள வீட்டிலே தோட்டா எதன்மேற் பாயும் என்பதை அறிய ஆராய்ச்சியும் வேண்டுமோ? மனம் தளர்ந்த இளைஞரும் விளையாட்டுப் பிள்ளைகளும் உள்ள வீட்டிலும் அவ்வாறே.

ஆதலின் நம் கருத்தைத் தொகுத்துரைப்போம். தனித்து வாழும் முதியோரைத் தனித்து விடாதிருத்தலே முதற்காவல். அடுத்தது ஊரார் ஒற்றுமை, வெளிச்சம், உறுதியான கதவு, விழிப்பான நாய், உடனே அழைக்கத் தொலைபேசி. இவையாவும் அமைந்த பின்னரும் உண்மையான அபாயம் உளதென்று தேர்ந்தோர், சட்டப்படி லைசென்சு பெற்று, முறையாகப் பயின்று, தம் துப்பாக்கிக்குப் பொருந்துவதும் தம் வீட்டின் சுவருக்கும் அக்கம்பக்கத்திற்கும் ஏற்றதுமாகிய தோட்டாவைத் தேர்க. சாளைகள் நெருங்கிய இடத்தில் வலிமிக்க பெருரவையை விரும்புவோர், தாம் எத்திசை நோக்கிச் சுடலாம், எத்திசை நோக்கிச் சுடலாகாது என்பதைப் பகலிலேயே பார்த்து வரையறுத்துக்கொள்க. துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை மற்றொரு பெட்டியிலும் பூட்டி, திறவுகோலை வீட்டிற் பொறுப்புடையார் மட்டும் அறிய வைத்தல் வேண்டும்.

துப்பாக்கி தாங்குதலைக் குலப்பெருமையாகக் கருதி, ஊர்வலத்தில் தோளிற் சுமந்து செல்லுதலும் வானை நோக்கிச் சுடுதலும் நம் முன்னோர்க்குப் புகழ் சேர்ப்பன அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறுக்கப்பட்டிருந்த உரிமை நம்மவர்க்கு மீண்டும் வந்துள்ளது. அதனை அடக்கத்தோடு ஆளுதலே அவ்வுரிமைக்காக வாதாடிய பெரியோர்க்கு நாம் செய்யும் நன்றியாகும். நம் இல்லங்கள் யாவும் அச்சமின்றி உறங்குமாறு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.